கட்டளைக்குப் பொறுப்பாளி யார்?

2025 பெப்ரவரி 21ஆம் திகதி இரவு கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையின் சந்தேகநபர்களாகச் சில மணி நேரத்துக்குள் பிடிபட்ட இருவர், ஒளித்துவைத்த ஆயுதங்களைக் காட்டுவதற்கென்று அழைத்துச் செல்லப்பட்ட வேளையில் பொலிஸாரின் துப்பாக்கியைப் பறிக்க எத்தனித்தார்கள் என்றும், அதனால் அவர்களைச் சுட நேர்ந்தது என்றும் மறுநாள் அறிவிக்கப்பட்டது. கொட்டாஞ்சேனைக் கொலைக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான், புதுக்கடை நீதிமன்ற அறைக்குள்ளேயே, சட்டத்தரணியின் உடையில் வந்த ஒருவன் பாதாள உலகப் புள்ளி எனப்பட்ட கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றிருந்தான். ஆகவே கொட்டாஞ்சேனை வாசிகளிற் பலர் விடிந்ததும் அச்செய்தியை ஒருவித நிம்மதியோடு கேட்டார்கள் என்றால், அவர்களைக் கடிந்துகொள்ள என் மனம் இடந்தரவில்லை; பிள்ளைகள் டியூஷன் முடிந்து திரும்பும் தெருவில் துப்பாக்கி வெடிக்கும்போது சட்டத்தின் சூட்சுமங்களைப் பேசுகிறவன் அந்நியனாகவே தோன்றுவான்.

ஆனால் அந்த நிம்மதி எதை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது என்பதையும் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கூலிக்குச் சுடுகிறவனைக் கொண்டே கூலி கொடுத்தவனைக் கண்டுபிடிக்க முடியும். சந்தேகநபர்கள் சுட்டவர்களே என்று வைத்துக்கொண்டாலும், அவர்களுடைய வாய் மூடப்பட்டபோது, தெருவில் மாண்டவரின் குடும்பத்துக்கு உண்மையை அறிவதற்கிருந்த மார்க்கங்களில் முக்கியமானது அடைபட்டுப்போயிற்று. அவர்கள் சுட்டவர்கள் அல்லர் என்றாலோ, நிரபராதிகள் இருவர் மாண்டார்கள். இரண்டில் எது நேர்ந்தது என்று தீர்மானிக்க வேண்டிய வழக்கு இனி நடக்கப் போவதில்லை.

எதையாவது காட்ட அழைத்துச் செல்லப்பட்டபோது மாண்டார்கள் என்ற விளக்கம் நமக்குப் புதிதன்று. 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையில், பாதாள உலகப் புள்ளி எனப்பட்ட மாக்கந்துரே மதூஷ், போதைப்பொருளைக் காட்ட அழைத்துச் செல்லப்பட்டபோது, பொலிஸ் காவலில் இருந்தபடியே மாண்டார். 2021 மே மாதத்தில் ஊரு ஜுவா, கொஸ்கொட தாரக எனப்பட்ட இருவர் அடுத்தடுத்து அதே விதமாக மாண்டார்கள்; தாரகவின் உயிருக்கு ஆபத்து இருக்கிறதென்று சட்டத்தரணிகள் சங்கம் முன்னரே எச்சரித்திருந்தது. 2020 ஜனவரி முதல் 2023 ஆகஸ்ட் வரை காவலில் 24 மரணச் சம்பவங்களையும், மோதல் என்று சொல்லப்பட்டவற்றில் 13ஐயும் மனித உரிமைகள் ஆணைக்குழு பதிவுசெய்தது.

சந்தேகநபரை ஸ்தலத்துக்கு அழைத்துச் செல்வதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நமது சாட்சியக் கட்டளைச் சட்டம் ஏற்பதில்லை. ஆனால் அவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்படுமாயின், அதற்குக் காரணமான வாக்குமூலப் பகுதியை 27ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பொருள் கண்டெடுக்கப்பட வேண்டும் என்பதே அப்பிரிவின் தேவை. இரவிலே, போதிய காவலின்றி, துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் அவனை நிறுத்த வேண்டுமென்று அது எங்கும் விதிக்கவில்லை. அந்த விவரங்களையெல்லாம் தீர்மானித்தவர் ஓர் அதிகாரி. அவர் யார் என்று கேட்பதே இந்த விவாதத்தின் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம்.

அப்படிக் கேட்க முடியும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 31ஆம் திகதி கொழும்புக் குற்றத் தடுப்புப் பிரிவின் ஒரு குழு, வெலிகமவிலுள்ள டபிள்யூ-15 ஹோட்டலைச் சுற்றிவளைக்கச் சிவில் உடையில், வேன் ஒன்றிலே சென்றது. அவர்கள் யாரென்று அறியாத வெலிகமப் பொலிஸார் எதிர்த்துச் சுட்டதில், சென்ற குழுவைச் சேர்ந்த ஒருவர் மாண்டார். மாத்தறை நீதவான் முன்னிலையில் நடந்த விசாரணை, சுட்டவரோடு நின்றுவிடாமல், அனுப்பியவரைத் தேடி மேலே ஏறியது. கொட்டாஞ்சேனையில் இருவர் மாண்ட அதே பெப்ரவரியின் இறுதியில், அச்சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் பதில் பொலிஸ்மா அதிபராயிருந்த தேசபந்து தென்னகோனைக் கைதுசெய்யுமாறு நீதவான் உத்தரவிட்டார். மார்ச் 19ஆம் திகதி அவர் சரணடைந்தார். பாராளுமன்றம் நியமித்த விசாரணைக் குழு அவரைக் குற்றவாளியாகக் கண்டது. ஆகஸ்ட் 5ஆம் திகதி, எதிர்த்து ஒரு வாக்கும் விழாத நிலையில், 177 வாக்குகளால் அவர் பொலிஸ்மா அதிபர் பதவியினின்று நீக்கப்பட்டார்.

இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் அங்கே மாண்டவரும் பொலிஸ், சுட்டவர்களும் பொலிஸ் என்பதை மறக்க முடியவில்லை. அரசின் சேவகன் ஒருவன் மாண்டபோது மேலே ஏறிய கேள்வி, அரசு சந்தேகித்த பிரஜைகள் இருவர் மாண்டபோது ஏன் ஏறுவதில்லை? கோவலன் கதையில் காவலர்களிற் சிலர் இவன் கள்வன் அல்லன் என்று தயங்கி நின்றதையும், ஒருவன் மாத்திரம் வாளை ஓங்கியதையும் இளங்கோவடிகள் காட்டுகிறார். ஆனால் வெட்டியவனுக்கு என்ன தண்டனை என்று காவியம் தேடிச் செல்லவில்லை. ஆராயாமல் கட்டளையிட்டவன், குற்றம் தன்னுடையதே என்று சொல்லி, அரியணையிலேயே வீழ்கிறான்.

நமது சட்டம் இவ்விஷயத்தில் ஊமையன்று. உயிர்வாழும் உரிமை அரசியலமைப்பின் 13(4)ஆம் உறுப்புரையிலேயே உள்ளடங்கியிருக்கிறது என்று 2003இல் ஸ்ரீயாணி சில்வா வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. காவலில் மாண்டவரின் மனைவி நிவாரணம் கோரலாம் என்பதையும் அவ்வழக்கே உறுதிசெய்தது. அங்குலானையில் 2009இல் கொல்லப்பட்ட இரு இளைஞர்களுக்காக, நிலையப் பொறுப்பதிகாரி உட்படப் பொலிஸார் 2011இல் மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். ஆனால் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பாதாள உலகத்தான் என்று ஊர் முழுவதும் பேசப்படும் ஒருவனின் தாய், சவ அடக்கத்தை முடித்து, அச்சத்தை விழுங்கி, அந்த ஒரு மாதத்துக்குள் புதுக்கடையிலே ஒரு சட்டத்தரணியைத் தேடிப்பிடிப்பது இலேசான காரியமா?

ஆதலால் பாரம் அவள் தலையில் விழக்கூடாது. மோதல் மரணம் ஒவ்வொன்றையும் சம்பந்தப்பட்ட நிலையத்தாரல்லாத வேறொரு குழு ஆராய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் விதித்தது. இங்கேயும் அதுவே கட்டாயமாக வேண்டும். காவலில் ஒருவன் மாண்டால் நீதவான் மரண விசாரணை நடத்துவது நமது சட்டத்தின்படி ஏற்கெனவே கடமை. அவ்விசாரணை சூட்டுக்காயங்களின் எண்ணிக்கையோடு முடியாமல், கொட்டாஞ்சேனைச் சந்தேகநபர்களை வெளியே கொண்டுசெல்ல அனுமதித்தவர் யார், அது எந்தப் புத்தகத்தில் எத்தனை மணிக்குப் பதியப்பட்டது, கைவிலங்கு இருந்ததா, உடன்சென்றோர் எத்தனை பேர், பறிக்க எத்தனித்ததாகச் சொல்லப்படும் துப்பாக்கியில் எவருடைய கைரேகை இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளைப் பகிரங்க நீதிமன்றத்தில் வாசிக்கட்டும்.