பலத்துக்கு ஏற்ற மட்டை: கோல்ப் வீராங்கனைகளிடம் ஆண்கள் கற்க வேண்டிய பாடம்

(நமது பெங்களூர் நிருபர்)

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, சனிக்கிழமை. கோல்ப் என்றால் என்னவென்றே அறியாத பலரும் அன்று காலை டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பானில் கசுமிகசேகி மைதானத்தில் ஒலிம்பிக் போட்டியின் கடைசி நாள் ஆட்டம். பெங்களூரில் பிறந்து வளர்ந்த 23 வயது அதிதி அசோக் பதக்கத்துக்கு மிக அருகில் நின்றார்.

முடிவு வாசகர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267 அடிகளில் ஆட்டத்தை முடித்துத் தங்கம் வென்றார். ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268. அதிதி 269. கோல்பில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. நான்கு நாள் ஆட்டத்தில் ஒரே ஒரு அடி கூடியதால் நான்காவது இடம். போட்டிக்குப் போகும்போது உலகத் தரவரிசையில் அவர் 200-வது இடத்தில் இருந்தார். கோர்டா முதல் இடத்தில் இருந்தார்.

அதிதி பந்தைத் தூரமாக அடிப்பவர் அல்ல. அந்தப் போட்டியில் ஆடிய 60 பேரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். கோர்டா அடித்த பந்து அவருடைய பந்தைத் தாண்டி வெகுதூரம் முன்னால் போய்க் கிடக்கும். அடுத்த அடியை கோர்டா குட்டையான இரும்பு மட்டையால் அடிப்பார். அதிதியோ பையிலிருந்து ஹைபிரிட் அல்லது வுட் என்னும் நீண்ட மட்டையை எடுக்க வேண்டியிருக்கும். அப்படியிருந்தும் இருவருக்கும் நான்கு நாளில் இரண்டே அடிகள்தான் வித்தியாசம். கைப்பலத்தில் இருந்த குறையை மட்டைத் தேர்வும் கடைசி நேர நிதானமும் ஈடுகட்டின எனலாம்.

நமக்கு என்ன சம்பந்தம்?

கோல்ப் பணக்காரர் ஆட்டம், குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பெங்களூரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு அவ்வளவு பொருள் இல்லை. இங்குள்ள பெங்களூர் கோல்ப் கிளப் 1876-ல் தொடங்கியது. பழைய செல்லகட்டா ஏரிப் பகுதியில் கர்நாடக கோல்ப் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. அதிதி குழந்தையாக மட்டை பிடித்த இடம் அதுதான். இத்தகைய மைதானங்களில் புல் வெட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது, பை சுமப்பது என்று பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் இந்த நகரில் உண்டு.

பை சுமப்பவருக்கு 'கேடி' என்று பெயர். போலீஸ் பட்டியலில் உள்ள கேடிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், எந்த இடத்தில் எந்த மட்டை என்று முதலாளிக்கு எடுத்துச் சொல்லும் நிபுணர் இவர். ரியோ ஒலிம்பிக்கில் அதிதியின் தந்தையும், டோக்கியோவில் தாயாரும் அவருக்குக் கேடியாக இருந்தார்கள். பெங்களூரில் கேடியாக இருந்து தொழில்முறை ஆட்டக்காரராக உயர்ந்த சி.முனியப்பா, 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார்.

இப்போது காசு கொடுத்துப் பந்தடித்துப் பழகும் இடங்களும் வந்துவிட்டன. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் மேலதிகாரிகளோடு ஆடப் போகிறார்கள். பழைய மட்டை செட் ஒன்றைச் சம்பளப் பணத்தில் வாங்குகிறார்கள். பொருந்தாத செட் வாங்கிவிட்டால் பணமும் போகும், ஆட்டமும் வராது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வேகத்தின் கணக்கு

ஓர் ஆட்டக்காரர் தம் பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. மிக நீளமானது டிரைவர். அதற்கடுத்து தலை பருத்த வுட் வகை. பிறகு இரும்பு மட்டைகளான அயர்ன்கள். இவற்றில் எண் கூடக் கூட மட்டை குட்டையாகும், முகத்தின் சாய்வு அதிகமாகும், பந்து உயரே எழுந்து குறைந்த தூரத்தில் விழும். வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது ஹைபிரிட். கடைசியில் வெட்ஜ்களும், பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டரும். இந்த 14 இடங்களை எதை வைத்து நிரப்புவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பந்தின் பறப்பை அளக்கும் டிராக்மேன் என்ற ராடார் கருவியின் சராசரிக் கணக்குகள் இதைத் தெளிவாக்குகின்றன. அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் டிரைவரை வீசும் வேகம் மணிக்கு சுமார் 115 மைல். தொழில்முறைப் பெண்களின் வேகம் சுமார் 95 மைல். பொழுதுபோக்காக ஆடும் சராசரி ஆணின் வேகமோ சுமார் 93 மைல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆடும் நம் அண்ணாச்சிக்கு டெலிவிஷனில் பார்க்கும் டைகர் உட்ஸின் வேகம் இல்லை. அதிதி போன்ற பெண்களின் வேகம்தான் இருக்கிறது. ஆனால் கடைக்குப் போனால் அவர் கேட்பது உட்ஸ் வைத்திருக்கும் மட்டையை! அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

தொழில்முறை ஆண் 7-ம் நம்பர் அயர்னால் அடித்தால் பந்து சுமார் 175 கெஜம் பறக்கும். தொழில்முறைப் பெண் அடித்தால் சுமார் 140 கெஜம். அந்தப் பெண் 175 கெஜம் அனுப்ப வேண்டுமானால் 7-ம் நம்பர் வுட்டை எடுப்பார். எடுப்பதில் அவருக்கு வெட்கம் ஏதும் இல்லை.

தேயாத மட்டை சொல்லும் சேதி

பழைய மட்டை செட்டுகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 7, 8-ம் நம்பர் அயர்ன்களின் முகம் தேய்ந்து மங்கியிருக்கும். 3, 4-ம் நம்பர் அயர்ன்கள் மட்டும் வாங்கியது போலவே பளபளக்கும். காரணம், அவற்றை அடிக்க வரவில்லை. சொந்தக்காரர் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுப் பையிலேயே விட்டிருப்பார். 14 இடங்களில் இரண்டு இடம் வீணாகச் சுமக்கப்பட்டது.

3-ம் நம்பர் அயர்னின் சாய்வும் 7-ம் நம்பர் வுட்டின் சாய்வும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 21 டிகிரி. ஆனால் அயர்னின் தலை மெல்லிய தகடு. அதைக் கொண்டு பந்தை மேலே கிளப்ப மிகுந்த வேகம் வேண்டும். வுட்டின் தலையில் எடை கீழேயும் பின்னேயும் தங்கியிருப்பதால், குறைந்த வேகத்திலும் பந்து உயரே எழும். உயரே போன பந்து செங்குத்தாக இறங்கி, புல்தரையில் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். தாழப் பறந்த பந்தோ கிரீனைத் தாண்டி ஓடிவிடும்.

இதை அறிந்துதான் வீராங்கனைகள் பலர் நீண்ட அயர்ன்களைத் தூக்கி எறிந்துவிட்டு 5, 7-ம் நம்பர் வுட்டும் ஹைபிரிட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்களில் பலர் இதைப் 'பெண்கள் மட்டை', 'கிழவர் மட்டை' என்று கேலி செய்வதுண்டு. மலைப்பாதையில் ஏறும் ரெயிலுக்குப் பின்னால் இன்னொரு என்ஜினை மாட்டுகிறார்கள். அதை யாரும் அவமானம் என்று சொல்வதில்லை. ஏற்றத்துக்கு ஏற்ற ஏற்பாடு அது. இதுவும் அப்படியே.

கேலி செய்பவர்களுக்கு ஒரு தகவல். 2009-ல் அமெரிக்க பி.ஜி.ஏ. பட்டப் போட்டியில் தென் கொரியாவின் ஒய்.இ.யாங், முன்னணியில் இருந்த டைகர் உட்ஸைக் கடைசி நாளில் வீழ்த்தினார். பெரிய பட்டப் போட்டியில் மூன்று நாள் முடிவில் முன்னணியில் இருந்த உட்ஸ் தோற்றது அதுவே முதல் முறை. கடைசிக் குழியில் யாங் பந்தைக் கொடிக்கு அருகே கொண்டுபோய் வைத்தது ஒரு ஹைபிரிட் மட்டையால்தான்!

டிரைவரின் சாய்வு

இரண்டாவது பாடம் டிரைவரில் இருக்கிறது. சாய்வு குறைந்த டிரைவர் வைத்திருந்தால் பெரிய ஆட்டக்காரர் என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம். 9 டிகிரி டிரைவரைத் தேடி வாங்குகிறார்கள். 93 மைல் வேகத்தில் அதை அடித்தால் பந்து சரியாக எழும்பாமல் சீக்கிரமே தரையைத் தொட்டுவிடும்.

வீராங்கனைகள் டிரைவரால் அடிக்கும்போது மட்டை மேல்நோக்கி ஏறும் தறுவாயில் பந்தைத் தொடுகிறது. ஆண் நிபுணர்களிடம் சராசரியாகச் சற்றுக் கீழ்நோக்கி இறங்கும் தறுவாயில் தொடுகிறது. அதனால் பெண்களின் பந்து உயர்ந்த கோணத்தில் கிளம்பி, ஏறக்குறைய நம் ஆணின் வேகத்திலேயே சுமார் 220 கெஜம் பறக்கிறது. சராசரி ஆணின் பந்து பறந்து, விழுந்து, உருண்டு ஓடிய பிறகும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆகவே 10.5 முதல் 12 டிகிரி வரை சாய்வுள்ள டிரைவரை எடுத்து, பந்தைக் குச்சியின் மேல் சற்று உயர்த்தி வைத்து அடித்துப் பார்ப்பது நல்லது.

தண்டில் உள்ள எழுத்து

மட்டையின் தண்டில் 'எல்', 'ஏ', 'ஆர்', 'எஸ்', 'எக்ஸ்' என்று எழுத்துகள் இருக்கும். 'எல்' பெண்களுக்கான வளையும் தண்டு, 'ஆர்' நடுத்தரம், 'எஸ்' விறைப்பு என்று பொருள். ஆனால் ஒரு கம்பெனியின் 'ஆர்' இன்னொரு கம்பெனியின் 'எஸ்' போல இருக்கும். எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது.

தொழில்முறை வீராங்கனைகளில் பலர் 'பெண்களுக்கு' என்று எழுதிய தண்டை வாங்குவதில்லை. தங்கள் வேகத்தை அளந்து பார்த்து, எடை குறைந்த 'ஆர்' தண்டோ 'எஸ்' தண்டோ எது பொருந்துகிறதோ அதை எடுக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து அவர்கள் தாழ்வதும் இல்லை, உயர்வதும் இல்லை. ஆண்கள்தான் 'எஸ்' என்ற எழுத்தில் தங்கள் கௌரவம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு மட்டை வாங்கும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். அப்பாவின் பழைய மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அறுத்தால் தண்டு இன்னும் விறைப்பாகும். தலையின் எடையோ குறையாது. பத்து வயதுப் பெண் குழந்தைக்கு அது உலக்கை பிடித்த கதைதான். கையும் வலிக்கும், ஆட்டமும் வெறுத்துவிடும்.

பாதி ஆட்டம் புட்டரில்

18 குழிகளுக்கு 72 அடி என்று கணக்கு வைக்கும்போது, குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் புட்டருக்கு ஒதுக்கப்படுகின்றன. அதாவது சரி பாதி. டோக்கியோவில் அதிதியைப் பதக்கத்தின் வாசல் வரை கொண்டுவந்தது புட்டர்தான். ரியோவில் தங்கம் வென்ற தென் கொரியாவின் இன்பீ பார்க்கும் நெடுந்தூரம் அடிப்பவர் அல்ல. அவரும் புட்டிங்கில் பெயர் பெற்றவர். நம்மவர்கள் டிரைவருக்கு முக்கால் பணத்தைச் செலவழித்துவிட்டு, யாரோ தள்ளிவிட்ட புட்டரை வைத்துச் சமாளிக்கிறார்கள். இது தலைகீழ்க் கணக்கு.

பெங்களூர்க் காற்று

உள்ளூர் விஷயம் ஒன்றும் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று சற்று இலேசு. ஆகவே பந்து சுமார் 3 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். இங்கே 150 கெஜம் போகிற மட்டை கடலோர ஊரில் நான்கைந்து கெஜம் குறைத்தே கொடுக்கும். சென்னைக்குப் போய் ஆடுகிறவர்கள் 'கை விழுந்துவிட்டது' என்று கவலைப்படாமல், தேவைப்பட்டால் ஒரு எண் குறைந்த, நீளமான மட்டையை எடுத்தால் போதும்.

பழைய செட் வாங்குவோர் கவனிக்க

முதலில் 14 மட்டையும் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். சாய்வு கூடிய டிரைவர் ஒன்று, 5 அல்லது 7-ம் நம்பர் வுட், ஒரு ஹைபிரிட், 6 முதல் 9 வரை அயர்ன்கள், இரண்டு வெட்ஜ், கைக்கு இணங்கிய புட்டர். பத்து மட்டைகள் போதும். 3, 4-ம் நம்பர் அயர்ன்களுக்காக விற்பவர் விலை கூட்டினால் அவை இல்லாமலே கேளுங்கள். வாங்கும் முன் பழகும் இடத்தில் பத்துப் பந்தாவது அடித்துப் பாருங்கள். நன்றாகப் பட்ட ஒரே ஒரு பந்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்தில் எத்தனை பந்து ஒரே தூரத்தில் விழுகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் அனுபவமுள்ள கேடி இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். மட்டை உங்களுக்குப் பொருந்துகிறதா என்பது பையைச் சுமந்தவருக்குத் தெரியும்.

டோக்கியோவுக்குப் பிறகு, அதிதி இன்னும் தூரமாக அடித்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும் என்று பேசியவர்கள் உண்டு. 2023-ல் அவர் கென்யாவிலும் ஸ்பெயினிலும் ஐரோப்பியப் பெண்கள் சுற்றுப் பட்டங்களை வென்றார். அதே ஆண்டு ஆங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்று, கோல்பில் அங்கே பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். நெடுந்தூரம் அடிக்காதவர் என்று சொல்லப்பட்டவர் பெற்ற வெற்றிகள் இவை. அந்த ஒரு அடி போனதற்காக வருந்துவதைவிட, மற்ற 268 அடிகளையும் எந்தெந்த மட்டையால் எப்படி அடித்தார் என்று பார்ப்பதில்தான் நமக்கு லாபம்.