இணையத்தளமும் ஒரு பொது இடமே

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியின் இருமருங்கிலும் உள்ள வங்கிகளிலும் காரியாலயங்களிலும் படிக்கட்டுக்கு அருகே சாய்தளமொன்று இருக்கவேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத நியாயமாகிவிட்டது. ஆனால் அதே வங்கியின் கருமபீடமும் அதே காரியாலயத்தின் விண்ணப்பப் படிவமும் கட்டடத்தை விட்டுப் படிப்படியாக இணையத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், அங்கே விழிப்புலனற்ற ஒருவரோ, கை நடுங்கும் முதியவரோ, செவிப்புலனற்ற மாணவியோ பிறர் உதவியின்றிப் பிரவேசிக்க இயலுமா என்று கேட்போர் மிகச் சிலரே.

இது சிறு தொகையினரின் பிரச்சினையன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏறக்குறைய 16 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலிய கருமங்களில் ஏதேனுமோர் இடர்ப்பாடு உடையவர்கள். பார்வை இடர்ப்பாடு உடையவர்கள் மாத்திரம் பத்து இலட்சத்தை எட்டுகின்றனர். இவர்களுக்கு இணையம் எட்டாத பொருள் என்று எண்ணுவது அறியாமை. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் திரைவாசிப்பான்கள் இன்று கைத்தொலைபேசியிலேயே அடங்கியுள்ளன. கணினிக்கென அவுஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆகவே குறை வாசகரிடத்தில் இல்லை. தளத்தை அமைத்தவரிடத்திலேயே இருக்கிறது.

அக்குறை எவ்வாறு நேர்கிறது? படமொன்றுக்கு விளக்கவரி எழுதப்படாவிடின், திரைவாசிப்பான் “படம்” என்று மாத்திரம் சொல்லி நகர்ந்துவிடும். பொத்தானுக்குப் பெயர் சூட்டப்படாவிடின், பணம் அனுப்பும் பொத்தான் எது, இரத்துச் செய்யும் பொத்தான் எது என்று பேதம் தெரியாது. சுட்டியால் மாத்திரமே இயங்கும் பட்டியல், விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஒருசில விநாடிகளில் காலாவதியாகும் படிவம், மெதுவாகத் தட்டெழுதுபவரை மீண்டும் மீண்டும் ஆரம்பத்துக்கே துரத்துகிறது. எழுத்துரை இல்லாத காணொளி, செவிப்புலனற்றவருக்கு வெறும் வாயசைவாகவே முடிகிறது.

தமிழ் வாசகருக்கு இவற்றோடு வேறோர் இடையூறும் உண்டு. இலங்கையில் நெடுங்காலம் வழக்கிலிருந்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துக்களின் வரிசையே. எனவே “அம்மா” என்ற சொல்லைத் திரைவாசிப்பான் “எம், கே, அரைப்புள்ளி, கே, எச்” என்று உளறுகிறது. யூனிகோட் முறையில் எழுதப்பட்ட தமிழையே அது தமிழாக உச்சரிக்கும். அவ்வாறே, ஒளிப்பிரதி செய்து ஏற்றப்பட்ட சுற்றறிக்கையோ வர்த்தமானியோ இயந்திரத்துக்கு எழுத்தன்று, படமே. ஆதலால் தம்மைப் பற்றிய கட்டளையையே தாம் வாசிக்க முடியாத நிலைக்கு ஒரு பிரஜை தள்ளப்படுகிறார்.

இதனால் விளையும் அபாயம் அசௌகரியத்தோடு நின்றுவிடுவதில்லை. வங்கித் தளத்தைத் தாமாக உபயோகிக்க இயலாதவர் தமது கடவுச்சொல்லையும், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையும் அயலவரிடமோ உறவினரிடமோ ஒப்படைக்க நேர்கிறது. அவற்றை எவரிடமும் வெளியிடலாகாது என்று எச்சரிக்கும் அதே நிறுவனந்தான், தன் தளத்தின் குறைபாட்டினால், வெளியிடுமாறு அவரை நிர்ப்பந்திக்கிறது. பணம் களவுபோனால், இரகசியம் காக்கவில்லை என்ற பழியும் அவர் தலையிலேயே விழக்கூடும்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பிலும் கல்வி அனுமதியிலும் பாரபட்சத்தைத் தடைசெய்து, பொதுமக்கள் செல்லும் கட்டடத்துக்கும் இடத்துக்கும் செல்லும் உரிமையை உறுதிப்படுத்தி, மீறப்பட்டால் மேல் நீதிமன்றத்தை நாடவும் வழி வகுத்தது. அதன்கீழ் 2006இல் அணுகு வசதி விதிகள் பிறந்தன. அவ்விதிகள் ஏட்டளவில் உறங்கியபோது, சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றம் சென்று, 2011இல் பொதுக் கட்டடங்கள் குறித்த கட்டளையைப் பெற்றார். இவையெல்லாம் கல்லாலும் சீமெந்தாலும் ஆன இடங்களைப் பற்றியவை. எனினும் இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, இணையத்தையும் பெயர் சுட்டியே அணுகு வசதிக் கடமைக்குள் அடக்குகிறது. சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் நமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையோ கட்டடத்துக்கும் திரைக்கும் பேதம் பாராட்டவில்லை.

பிற தேசங்களின் நீதிபீடங்கள் இத்தர்க்கத்தை முன்னரே ஏற்றுள்ளன. சிட்னி ஒலிம்பிக் போட்டியின் தளத்தை வாசிக்க இயலவில்லை என்று புரூஸ் மகுவையர் என்ற விழிப்புலனற்றவர் முறையிட்டபோது, திருத்துவது பெருஞ்செலவு என்ற ஏற்பாட்டுக் குழுவின் வாதத்தை அவுஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் நிராகரித்தது. திருத்தாமல் விட்ட குழு 20,000 டொலர் நட்டஈடு செலுத்த நேர்ந்தது. இந்தியாவில், அமிலவீச்சுக்கு ஆளாகிக் கண்ணிமைக்க இயலாதவர்கள், இமைத்துக் காட்டினாலன்றி அடையாளத்தை ஏற்காத வங்கி முறையினால் ஒதுக்கப்பட்டதைப் பிரக்யா பிரசூன் வழக்கில் ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், இணையவழிச் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் ஓர் அங்கமே என்று 2025 ஏப்ரல் 30ஆம் திகதி தீர்ப்பளித்தது.

பரிகாரமும் அரிதானதன்று. டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் சர்வதேச வழிகாட்டுநெறி 1999இலேயே தோன்றி, 2023 ஒக்டோபரில் 2.2 என்னும் பதிப்பாக விரிந்துள்ளது. ஒரு தளம் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, விளங்கத்தக்கதாக, பலவகைக் கருவிகளிலும் நிலைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிமாறுபாடு, விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னாத காட்சி, நிறத்தை மட்டும் நம்பாத அறிவித்தல், யூனிகோட் தமிழ் ஆகியவற்றைத் தளத்தைக் கட்டும்போதே சேர்த்துவிட்டால் செலவு சொற்பம். கட்டி முடித்தபின் இடித்துச் சேர்ப்பதே பெருஞ்செலவு. வெளியிடுமுன் சுட்டியைக் கழற்றிவிட்டு விசைப்பலகையால் ஒருமுறை முழுவதும் சென்று பார்ப்பதும், திரைவாசிப்பானை அன்றாடம் உபயோகிக்கும் ஒருவருக்கு ஊதியம் கொடுத்துப் பரிசோதிப்பதும் எந்த நிறுவனத்துக்கும் இயலும்.

தடைபட்டவர் செய்யவேண்டியது யாது? முதலில், எந்தப் பக்கத்தில், எந்தத் திகதியில், எந்தப் படியில் தடைப்பட்டீர்கள் என்பதைக் குறித்து நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அரச நிறுவனமாயின், தளம் எந்த நியமத்தின்படி அமைக்கப்பட்டது, எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வினவலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுதிக்கொள்வது தகவல் உத்தியோகத்தரின் கடமை. அரசின் செயலால் சமத்துவ உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம், அல்லது ஆர். ஏ. டி மெல் மாவத்தையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே முறையிடலாம், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் மாதக் கணக்கில் சேராது. வங்கியாயின், அதன் முறைப்பாட்டுப் பிரிவில் தீர்வு கிட்டாதபோது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்தை நாடலாம்.

மௌனமாக இருந்துவிட்டால், எவரும் குறைகூறவில்லையே என்று நிறுவனங்கள் திருப்தியடைந்துவிடும். ஆதலால் தடைபட்டவர் எழுதட்டும். தடையின்றி வாசிப்போரும் அவருக்குத் துணையாக எழுதட்டும். சட்டமியற்றுவோர் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, இணையத்தளமும் ஒரு பொது இடமே என்று ஐயத்துக்கு இடமின்றி விதிக்கட்டும்.