மண் தாழ்வதை அளக்கும் ராடார்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸான் வாக்கீன் பள்ளத்தாக்கு என்றொரு பரந்த விவசாயப் பிரதேசம் இருக்கிறது. அங்கே மெண்டோட்டா என்னும் ஊருக்கருகில் 1977-இல் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று உலகப் பிரசித்தி பெற்றது. ஜோசப் போலண்ட் என்ற நிலவியல் அறிஞர் ஒரு கம்பத்தின் அடியில் நிற்கிறார். அவர் தலைக்கு வெகு உயரத்தில், 1925 என்று எழுதிய பலகை தொங்குகிறது. அவ்வாண்டில் தரைமட்டம் அந்த உயரத்தில் இருந்தது என்பது பொருள். ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் நிலம் ஏறத்தாழ 9 மீட்டர் தாழ்ந்துவிட்டது!

நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததே காரணம். பூமிக்கடியில் மணற்படுகைகளும் களிமண் படுகைகளும் மாறி மாறி அமைந்துள்ளன. களிமண் துகள்களுக்கிடையே தங்கிய நீர், மேலிருக்கும் மண்ணின் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கி நிற்கிறது. அந்நீரை இறைத்துவிட்டால் துகள்கள் நெருங்கிப் படிந்து இறுகிவிடுகின்றன. பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும் அவை பழையபடி விரிவதில்லை. அதாவது, நீர் தங்கியிருந்த இடமே நிரந்தரமாகப் போய்விடுகிறது. கிணறு வற்றுவதைக் காட்டிலும் இது பெரிய நஷ்டம் என்பது நம் கருத்து.

இந்தத் தாழ்வை அந்நாளில் மட்டக்கருவியும் அளவுகோலும் கொண்டு மைல் கணக்கில் நடந்து அளந்தார்கள். நில அளவையாளருடன் வெயிலில் நடந்திருப்போர் அதன் சிரமத்தை அறிவர். இன்றோ அந்த வேலையை ஆகாயத்திலிருந்து ராடார் செய்கிறது.

ராடார் என்பது நுண்ணலைகளைத் தானே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் பகுதியைப் பதிவு செய்யும் சாதனம். அதற்குச் சூரிய வெளிச்சம் தேவையில்லை, மேகமும் தடையில்லை. ஒரே இடத்தை அதே பாதையிலிருந்து இருமுறை படமெடுத்து, திரும்பி வந்த அலைகள் ஏற்ற இறக்கத்தில் எந்நிலையில் இருந்தன என்று ஒப்பிடுகிறார்கள். இடையில் தரை தாழ்ந்திருந்தால் அலை கடக்கும் தூரம் கூடியிருக்கும். அலையின் நிலையும் மாறியிருக்கும். அலை போகவும் வரவும் வேண்டியிருப்பதால், தரை அரை அலைநீளம் விலகினாலே ஒரு முழுச் சுற்று மாறுதல் தெரியும். 5.6 சென்டிமீட்டர் அலையானால் 2.8 சென்டிமீட்டர் விலகலே ஒரு சுற்று. பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விரல் பருமனை அளப்பது என்றால் நம்புவது கடினந்தான். ஆயினும் 1992-இல் கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் பூகம்பத்தில் நிலம் நகர்ந்த விதத்தை ஐரோப்பியரின் ஈ.ஆர்.எஸ்.-1 செயற்கைக் கோள் படங்கள் இம்முறையில் தெளிவாகக் காட்டின.

2012 முதல் கலிபோர்னியாவைக் கடும் வறட்சி வாட்டியது. ஆற்றுப் பாசனம் குறையவே, குழாய்க் கிணறுகள் மேலும் ஆழமாயின. 2014-இல் கிழக்குப் போர்ட்டர்வில் என்ற சிற்றூரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வறண்டன. அவை ஆழம் குறைந்தவை, எளிய குடும்பங்களுடையவை. அதே காலத்தில் நாஸா நிறுவனத்தார் செயற்கைக் கோள் படங்களையும், விமானத்தில் பொருத்திய ராடார் படங்களையும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், கார்க்கரன் நகரருகே நிலம் எட்டு மாதங்களில் 13 அங்குலம் தாழ்ந்ததாகக் கண்டார்கள். விமானப் படம் மற்றொன்றையும் காட்டிற்று. கலிபோர்னியாவின் பெருங்கால்வாயை ஒட்டிய ஓரிடம், 2014-இல் நான்கே மாதங்களில் 8 அங்குலம் இறங்கியிருந்தது. சரிவை நம்பி நீர் ஓடும் கால்வாய்க்கு இது என்ன கேடு என்பதை வாய்க்கால் வெட்டிய எவரும் சொல்லுவர். இதே பள்ளத்தாக்கின் பிரையண்ட்-கெர்ன் கால்வாய், நிலம் தாழ்ந்ததால் நடுப்பகுதியில் தன் கொள்திறனில் பாதிக்கு மேல் இழந்தது.

நிலத்தடி நீர் எடுப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் அம்மாநிலத்தில் 2014-இல்தான் பிறந்தது.

நம் மாநிலத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலமாகும். அங்கே கிணறு வறண்டாலும் தரை இவ்விதம் அமிழாது. களிமண் படிந்த சமவெளிகளிலேயே அந்த ஐயம் எழும். நமக்கு ராடாரின் உடனடி உபயோகம் நெல் வயலில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடிய டெல்டாவைச் சாதாரணப் படம் காட்டாது. ராடாரிலோ, நடவுக்கு நீர் கட்டிய வயல் கருமையாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுத்துக்கொண்டு வரும். வெள்ளம் புகுந்து பயிர் மூழ்கினால் மீண்டும் கருக்கும். நிவாரணக் கணக்கு எடுக்கையில் இது எத்துணை உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த நிசார் செயற்கைக் கோள் ஏவப்பட்டது. இதில் இருவகை அலைகள் உள்ளன. சுமார் 24 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை அமெரிக்கரும், அதனினும் குறுகிய அலையை நம் இஸ்ரோவும் அமைத்தார்கள். குறுகிய அலை இலைகளில் பட்டே திரும்பிவிடும். இலை அசைந்தால் கணக்குக் கெடும். நீண்ட அலை தழைகளை ஊடுருவித் தரையைத் தொடும் ஆற்றல் மிக்கது. ஆகவே பயிர் நிலங்களில் தாழ்வை அளக்க இதுவே ஏற்றது. பன்னிரண்டு நாட்களுக்கொரு முறை இக்கோள் அதே பாதைக்குத் திரும்பி வருகிறது.

எனினும் படம் சொல்வது நிலம் எவ்வளவு இறங்கிற்று என்பதையே. எவருடைய கிணறு, எத்தனை மணி நேரம் இறைத்தது என்பது அதில் தெரியாது. அதை அறிய, ஊர்க் கிணறுகளில் மாதந்தோறும் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, தேதியிட்டு எழுதிவைத்த ஏட்டையே பார்த்தாக வேண்டும்.