ஆன்லைன் கோர்ஸ் பாதியில நிக்குதா? கூட ஒருத்தரைச் சேர்த்துக்கோங்க!

ஆசையா ஆன்லைன் கோர்ஸில் சேர்றோம். முதல் வாரம் எல்லா வீடியோவையும் பார்த்துடறோம். மூணாவது வாரம்? ஆபீஸ், வீடுன்னு தள்ளிப்போய், லாகின் பண்றதையே மறந்துடறோம். இதுக்குச் சோம்பேறித்தனம் மட்டுமே காரணமில்லை. 'எங்கே ஆளைக் காணோம்?' என்று கேட்க ஆளில்லாததும்தான்.

ஐ.ஐ.டி-களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல் படிப்புகளை எடுத்துக்கோங்க. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ் வேணும்னா மட்டும் கட்டணம் கட்டி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதணும். மதிப்பெண்ணில் 75 சதவிகிதம் தேர்வுக்கு. 25 சதவிகிதம் வாராந்தர அசைன்மென்ட்டுக்கு. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்கணும். கடைசி வாரத்தில் விழுந்து விழுந்து படிச்சா மட்டும் கரைசேர முடியாது. ஆனா, 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்கள்தான் கணக்கு. அதனால் ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னு மொத்தமா விட்டுடாதீங்க.

இதோ எளிய வழி. உடன் வேலை பார்ப்பவர்களில் இரண்டு, மூன்று பேராக ஒரே கோர்ஸில் சேருங்க. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஆளுக்கொரு பாடத்தை மத்தவங்களுக்கு விளக்குங்க. எந்த இடத்தில் திக்குறோமோ, அதுதான் நமக்குப் புரியாத இடம். வாட்ஸ்அப்பில் விடையைப் பகிர்வது கூட்டுப்படிப்பு ஆகாது. அதில் மதிப்பெண் வரும், பாடம் வராது.

கடைசியா, 'இந்த வாரம் படிச்சது என் வேலையில் எங்கே உதவுச்சு?' என்று நோட்டில் இரண்டு வரி எழுதிவைங்க. இன்டர்வியூவில் சான்றிதழைக் காட்டிய பிறகு வரும் கேள்விக்கு, அந்த இரண்டு வரிதான் பதில்.