நீரை அளத்தலும் அளவைப் பகிர்தலும்

நீரை அளந்தறியும் முயற்சி மிகப் பழமையானது. அளந்து கண்ட கணக்கு யாருக்கு உரியது என்னும் வினாவும் அதே அளவுக்குப் பழமையானதே.

கெய்ரோவின் ரவ்ளா தீவில் இன்றும் நிற்கும் 'மிக்யாஸ்' இதற்குத் தக்க சான்றாகும். அப்பாசியக் கலீஃபா அல்-முதவக்கிலின் ஆணைப்படி ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) இது அமைக்கப்பட்டது. நைல் நதியோடு சுரங்க வழிகளால் இணைக்கப்பட்ட ஆழ்கிணற்றின் நடுவே, முழக்கணக்குப் பொறித்த எண்கோணத் தூண் ஒன்று நிற்கின்றது. வெள்ளம் 16 முழத்தை எட்டினால் விளைச்சல் செழிக்கும். நிலவரியும் அதற்கேற்ப விதிக்கப்படும். எட்டாவிடில் பஞ்சம் பற்றிய அச்சம் பரவும். ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்-முஇஸ், ஹிஜ்ரி 362இல், வெள்ளம் 16 முழத்தை எட்டும்வரை அதன் அளவை மக்களிடையே பறைசாற்றலாகாது எனத் தடை விதித்ததாக வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸீ பதிவு செய்துள்ளார். நீர் குறைவு என்ற செய்தி பரவினால் தானியம் பதுக்கப்படும், விலை ஏறிவிடும் என்பதே அதற்குக் காரணம்.

அளவை மறைப்பதா, பகிர்வதா என்னும் அதே வினாவை நம் காலத்து நீரியல் ஆய்வும் எதிர்கொள்கின்றது.

ஏரியில் மிதக்கும் கருவிகள்

முன்னர் ஓர் ஏரியை ஆராய விழைந்தோர், படகில் சென்று நீரை முகந்து வந்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். வாரத்திற்கொரு முறையோ, மாதத்திற்கொரு முறையோதான் இது இயன்றது. இன்று ஏரியின் நடுவே ஒரு மிதவை நிறுத்தப்படுகின்றது. அதிலிருந்து நீருக்குள் பல ஆழங்களில் தொங்கும் உணர்கருவிகள், அதாவது சென்சார்கள், வெப்பநிலையையும் கரைந்துள்ள ஆக்சிஜனையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து வானொலி அலை வழியே கரைக்கு அனுப்புகின்றன.

இதன் பயனைத் தைவான் நாட்டு மலைகளிடையே உள்ள யுவான் யாங் ஏரி நன்கு உணர்த்தும். ஐந்து மீட்டர் ஆழமும் இல்லாத சிற்றேரி அது. அங்குச் சூறாவளி வீசும் நாள்களில் மனிதர் எவரும் நெருங்க இயலாது. ஆயினும் மிதவை தன் பணியை நிறுத்துவதில்லை. மேலே வெதுவெதுப்பாகவும் கீழே குளிர்ந்தும் அடுக்கடுக்காக இருந்த நீர், புயலில் கலந்து ஒன்றாவதையும், அடியில் தேங்கியிருந்த கரியமில வாயு வெளியேறுவதையும் அக்கருவிகளின் உதவியால் அறிஞர்கள் கண்டறிந்தனர்.

ஓர் ஏரியின் கணக்கு அந்த ஏரியை மட்டுமே விளக்கும். எனவே 2005ஆம் ஆண்டில் பல நாட்டு ஏரி ஆய்வாளர்களும் கணினி வல்லுநர்களும் கூடி, 'க்ளியான்' என்னும் உலக ஏரிச் சூழலியல் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கினர். தரவுகளைப் பகிர்வதோடு இவர்கள் நின்றுவிடவில்லை. ஓர் ஏரியின் எதிர்காலத்தைக் கணிக்கும் மாதிரியை ஆயிரக்கணக்கான முறை இயக்கிப் பார்க்க வேண்டியிருப்பதால், அவ்வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்தளிக்கும் முறையையும் வகுத்தனர்.

பல இடத்துக் கணக்குகள் ஒன்றுசேரும்போது கிடைக்கும் அறிவு எத்தகையது என்பதற்கு 2021இல் வெளிவந்த ஆய்வொன்றைக் கூறலாம். மிதவெப்ப மண்டலத்தைச் சேர்ந்த 393 ஏரிகளின் நீண்டகாலப் பதிவுகள் அதில் ஒருங்கே ஆராயப்பட்டன. 1980 முதல் மேற்பரப்பு நீரில் ஆக்சிஜன் 5.5 விழுக்காடும், ஆழ்நீரில் 18.6 விழுக்காடும் குறைந்திருப்பது தெரியவந்தது. தனியோர் ஏரியைக் காப்பவர், எத்துணைத் திறமையுடையவராயினும், இப்பொதுப் போக்கைக் கண்டிருக்க இயலாது.

எண்ணும் அதன் அறிவிப்பாளரும்

பகிர்வதற்குத் தடையாக நிற்பது கருவியின் விலை மட்டுமன்று. பல்லாண்டு உழைத்துத் திரட்டிய தரவை வேறொருவர் தம் பெயரில் வெளியிட்டுவிடுவாரோ என்ற ஐயம் ஆய்வாளர்க்கு இயல்பே. தரவு அளித்தவருக்குரிய மதிப்பு இன்னதென முன்கூட்டியே உடன்பாடு காண்பதுதான் இதற்குத் தீர்வு.

மற்றொன்று நம்பகம். எந்த ஆழத்தில், எந்த நேரத்தில், எந்தக் கருவியால் அளக்கப்பட்டது, அக்கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்னும் குறிப்புகள் இல்லாத எண் பயனற்றது. நீருக்குள் கிடக்கும் உணர்கருவியின்மீது பாசி படிந்தால் அது தவறாகவே அளக்கும். செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரை ஆராயும் ஹதீஸ் கலையில் பழகிய நமக்கு இதன் இன்றியமையாமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மறைத்தாலும் மறையாதது

ஏரி ஆய்வாளரிடையே எளிதாகும் பகிர்வு, ஆற்றைப் பங்கிடும் அரசுகளிடையே அரிதாகின்றது. யூப்ரடீஸ், தஜ்லா நதிகளின் நீரைப் பங்கிடுவது குறித்துத் துருக்கி, சிரியா, இராக் ஆகிய மூன்றும் ஏற்ற முழுமையான உடன்படிக்கை இதுவரை இல்லை. ஆயின் 2002இல் விண்ணில் ஏவப்பட்ட 'கிரேஸ்' இரட்டைச் செயற்கைக்கோள்களுக்கு எந்த அரசின் இசைவும் தேவைப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் சென்ற அவை, அவ்விடைவெளியில் நேரும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு புவியீர்ப்பின் ஏற்ற இறக்கத்தையும், அதன்வழி நிலத்தின் நீர் இருப்பையும் கணக்கிட உதவின. 2003 முதல் 2009 வரை அந்நதிப் படுகையும் மேற்கு ஈரானும் அடங்கிய நிலப்பரப்பு 144 கன கிலோமீட்டர் நன்னீரை இழந்தது எனவும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலத்தடி நீர் எனவும் 2013இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். செயற்கைக்கோள் பரந்த நிலப்பரப்பின் இழப்பைச் சொல்லும். எந்த ஊரில், எந்தக் கிணற்றில் எவ்வளவு வற்றியது எனச் சொல்லாது. அதனைத் தரையிலுள்ள கருவிகளே சொல்ல வேண்டும். அவற்றின் கணக்கை நாடுகளே தமக்குள் பகிர வேண்டும். இழப்பு வெளிப்பட்டுவிட்டது, தீர்வுக்கு வேண்டிய விவரம்தான் பூட்டிக் கிடக்கின்றது.

அல்-முஇஸின் தடைக்கு ஒரு நியாயமுண்டு: அரைகுறைச் செய்தி அச்சத்தை விளைவிக்கும். அதற்கு மருந்து மௌனமன்று. விளக்கத்தோடு கூடிய முழுச் செய்தியே. அன்று வெள்ளம் சில வாரங்களில் தன் அளவைத் தானே வெளிப்படுத்திவிடும். இன்று வற்றும் நிலத்தடி நீரோ, கிணறு வறண்ட பின்னரே மக்களுக்குத் தெரியவரும். அதற்கு முன்பே அறிவிப்பது, அளந்தவர்தம் கடமையாகும்.