குறைமாதச் சிசு பால் குடிக்கப் பழகுதல்

நூல் ஒதுக்கீடு, உர விநியோகம், தவணைக் கடன் ஆகியவற்றைக் குறித்தே பெரும்பாலும் பேசிவரும் இப்பத்திரிகையில், சிசுக்களுக்குப் பாலூட்டுவது பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், பாவு வாங்கிச் சென்று நாளாகியும் துணி கொண்டுவராத தறிகளின் விவரத்தை நாம் கேட்பது வழக்கம். அவ்வாறு கேட்டபொழுது, வீட்டில் குறைமாதப் பிரசவம் நேர்ந்து, குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்ற பதில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் நமக்குக் கிடைத்தது. அதனுடன் ஒரு மனக்குறையும் சேர்ந்தே வெளிப்பட்டது. "குழந்தைக்கு நோய் ஒன்றும் இல்லையாம், மூச்சும் சீராகிவிட்டதாம், பால் குடிக்கப் பழக வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆஸ்பத்திரி எதற்குங்க? வீட்டில் பாட்டி இல்லையா?" என்பதே அக்குறை.

கேள்வி நியாயமானதே. தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை; களை எடுக்காத வயல் காத்திராது. ஆகவே அந்த நாட்கள் எதற்காகச் செலவாகின்றன என்பதை அறிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு. வார்டில் வேலை நெருக்கடியில் இருக்கும் செவிலியர்கள் இதை விரித்துரைக்க நேரம் பெறுவது அரிது. அக்குறையை ஓரளவேனும் இங்கே தீர்க்க முயல்வோம்.

கருவுற்று 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் சிசுவையே குறைமாதச் சிசு என்கிறோம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேதான் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு சேருகிறது; இரும்புச் சத்தும் பிற சத்துக்களும் தாயிடமிருந்து இறங்குகின்றன. முன்னதாகப் பிறந்த சிசு இச்சேமிப்பு இன்றியே உலகிற்கு வருகிறது. உடல் சூட்டைக் காத்துக்கொள்ள அதற்கு இயலாது. பசித்தால் உரக்க அழவும் வலுவிராது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத குறை ஒன்று உண்டு. அதுவே நம் விஷயத்திற்கு முக்கியமானது.

பால் குடிப்பது ஒரே செயல் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது மூன்று செயல்கள்: சப்புதல், விழுங்குதல், மூச்சு விடுதல். நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. மிதியை மிதிக்கப் பாவு திறக்கிறது. திறந்த வழியில் நாடா ஓடுகிறது. ஓடி முடிந்தபின் அச்சுப்பலகை வந்து ஊடையை அடிக்கிறது. நாடா இன்னும் உள்ளே இருக்கையில் பலகையை இழுத்தால் நூல் அறும். சிசுவின் தொண்டையிலும் நிலைமை இதுவே. பால் இறங்கும் வழியும் காற்று செல்லும் வழியும் அங்கே ஒன்றையொன்று கடக்கின்றன. விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்கவேண்டும். விழுங்கிய மறுகணம் மூச்சு தொடரவேண்டும். கருப்பையில் இருக்கும்பொழுதே சிசு விரலைச் சப்புகிறது, பனிக்குட நீரை விழுங்குகிறது. ஆனால் அங்கே அது நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆகவே மூன்றையும் முறைப்படுத்தும் பழக்கம் அதற்குத் தேவைப்படவில்லை. அப்பழக்கம் மூளையில் ஏறத்தாழ 34-ஆம் வாரத்தை ஒட்டியே உருப்பெறத் தொடங்குகிறது; உறுதிப்படுவதற்கு மேலும் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன் சிசுவின் வாயில் பாலை ஊற்றினால், ஒரு பகுதி காற்றுக்குழலில் இறங்கலாம். அல்லது விழுங்குவதிலேயே கவனம் சென்று, சிசு மூச்சு விட மறந்து நீலம் பாரிக்கலாம். "வாயில் விட்டால் குடிக்கத்தானே செய்யும்" என்ற பேச்சு இங்கே ஆபத்தானது.

எனவேதான் மருத்துவர்கள் படிப்படியாகச் செல்கின்றனர். 28 வாரத்திற்கும் முன் பிறந்த சிசுவுக்குப் பெரும்பாலும் நரம்பின் வழியே திரவம் தொடங்கப்படும். 28 முதல் 31 வாரம் வரையிலான சிசுவுக்கு, மெல்லிய குழாய் ஒன்றை வாய் அல்லது மூக்கு வழியாக இரைப்பைக்குள் செலுத்தி, அதன் மூலம் பால் செல்லும். 32 முதல் 34 வாரத்தில் பாலாடையோ கரண்டியோ வரும். 34 வாரத்திற்கு மேல் தாயின் மார்பிலேயே குடிக்கப் பழக்கலாம். இவை பொதுவான வரம்புகளே. ஒரே வாரத்தில் பிறந்த இரு சிசுக்கள் ஒரே நாளில் பழகிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது.

குழாயைக் கண்டதும் தாய்மார் கலங்குவது இயல்பு. சப்புவதற்கும் சிசு உழைக்கிறது. அந்த உழைப்புக்குச் செலவாகும் சக்தி, எடை கூடுவதற்குரிய சக்தியிலிருந்தே போகிறது. குழாய் அந்த உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்று கொள்ளவேண்டும். ஆனால் குழாயில் செல்வது எவருடைய பால் என்பதே பெரிய விஷயம். குறைமாதத்தில் ஈன்ற தாயின் பாலில், முதல் சில வாரங்களில், புரதம் நிறைமாதத் தாயின் பாலில் இருப்பதைவிட மிகுதியாக உள்ளது. நோயைத் தடுக்கும் பொருள்களும் அதில் உண்டு. பசும்பாலோ மாவுப்பாலோ ஏற்ற சிசுக்களுக்கு, குடல் திசுக்கள் அழியும் கொடிய நோய் வரும் அபாயம் அதிகம். தாய்க்கு உடல்நிலை இடந்தராவிடின் தாய்ப்பால் வங்கியின் பாலைத் தருவர். அத்தகைய வங்கி நம் நாட்டில் முதன்முதலாக 1989-ஆம் ஆண்டில் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் இப்பொழுது உண்டு.

சிசு சப்பவில்லை என்பதற்காகத் தாய் வாளாவிருந்துவிடலாகாது. பிரசவமான சில மணி நேரத்திற்குள்ளேயே கையால் பாலைப் பீய்ச்சத் தொடங்கவேண்டும். பகலிலும் இரவிலுமாக நாளொன்றுக்கு 8 முறையேனும் பீய்ச்சவேண்டும். முதல் நாட்களில் சில சொட்டுகளே வரும். அச்சீம்பாலின் ஒவ்வொரு சொட்டும் சிசுவுக்கு உரியது. மார்பு காலியாகும் அளவுக்கே பால் ஊறும்; எடுக்காமல் விட்ட மார்பு வற்றிப்போகும். இரண்டு வாரம் கழித்துச் சிசு சப்பத் தயாராகும்பொழுது, அங்கே பால் இல்லை என்றால் பழகுவது எவ்விதம்? பத்தியம் என்ற பெயரில் தாய்க்குச் சோற்றையும் தண்ணீரையும் குறைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதை நாம் அறிவோம். அதைக் கைவிட்டு வயிறார உண்ணக் கொடுங்கள்.

பழக்கத்தின் முதற்பாடம் பால் இல்லாமலே தொடங்குகிறது. குழாய் வழியே பால் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், முன்னதாகவே பீய்ச்சி வெறுமையாக்கிய மார்பில் சிசுவை வைப்பர். அது நக்கும், முகரும், இரண்டொரு முறை சப்பும். வாயில் பால் வராததால் புரையேறும் அச்சம் இல்லை. வயிறு நிறைவதும் சப்புவதும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை மட்டும் சிசு கற்கிறது. இவ்வாறு பழகிய சிசுக்கள் குழாயை விரைவில் விடுத்து, வீட்டுக்கும் முன்னதாகத் திரும்புகின்றன என்பது ஆராய்ச்சிகளில் கண்ட முடிவு. இரண்டாவது துணை, தாயின் மார்போடு மார்பாகச் சிசுவை அணைத்துக் கட்டிவைக்கும் கங்காரு முறை. 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், சூடு தரும் பெட்டிகள் போதாமல் இரண்டு மூன்று சிசுக்களை ஒரே பெட்டியில் இட நேர்ந்த ஓர் ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். பற்றாக்குறையிலே பிறந்த முறை, இன்று செல்வ நாடுகளிலும் கையாளப்படுகிறது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இவ்வாறு வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. தாய் குளிக்கவும் உண்ணவும் செல்கையில் தகப்பனார் இப்பணியை ஏற்கலாம். மீசை வைத்த ஆண்மகன் மார்பில் சிசுவைக் கட்டிக்கொண்டு அமர்வதா என்று கூச்சப்படுவோர், வார்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும்.

அடுத்து வருவது நமது பாலாடை. நம் பாட்டிமார் கையாண்ட அதே மூக்குள்ள சிறு கிண்ணம். சிசுக்களுக்கு மார்பைத் தவிர வேறு வழியில் வாய்மூலம் ஊட்ட நேர்ந்தால் கிண்ணம், பாலாடை, கரண்டி ஆகியவற்றாலேயே ஊட்டவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிமுறைகளில் பாலாடை என்ற நம் பெயரே இடம்பெற்றது. பொருள் பழையதாயினும், குறைமாதச் சிசுவிடம் அதைக் கையாளும் முறை பாட்டி அறிந்ததிலிருந்து வேறுபடும். கால்களை நீட்டி, சிசுவை அவற்றின்மேல் மல்லாத்தி, நாக்கின்மேல் பாலைக் கவிழ்ப்பது நம் வீடுகளில் கண்ட காட்சி. அது கூடாது. சிசு விழித்திருக்கவேண்டும், துணியில் சுற்றி, தலையும் கழுத்தும் தாங்க, பாதி உட்கார்ந்த நிலையில் பிடிக்கவேண்டும். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின்மேல், வாயோரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டுமே சாய்க்கவேண்டும். சிசு தானே நாவால் இழுத்து உறிஞ்சும். விழுங்கியதைப் பார்த்த பின்னரே மறுபடி சாய்க்கலாம். இரண்டு மூன்று மிடறுக்கு ஒருமுறை நிறுத்தினால் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். அரைமணிக்கு மேல் நீட்டுவதில் பயனில்லை. மிச்சம் இருந்தால் செவிலியரிடம் சொல்லிக் குழாயில் செலுத்தலாம். முடித்தே தீரவேண்டும் என்ற பிடிவாதந்தான் பல விபத்துகளுக்குக் காரணம்.

சிசு பேசாது, ஆனால் அறிவிக்கும். விரல்களை விரித்தல், புருவத்தைச் சுருக்குதல், முகத்தைத் திருப்புதல், விக்கல், மூக்குத் துவாரம் விரிதல், உதட்டோரம் பால் வழிதல், உதடு நிறம் மாறுதல் — இவற்றில் எது தோன்றினாலும் நிறுத்தவேண்டும். கையை வாய்க்குக் கொண்டுபோதல், நாக்கை நீட்டுதல், தலையை இருபுறமும் திருப்பித் தேடுதல் ஆகியவை பசியின் அறிகுறிகள். அழுகை மிகவும் பிந்திய அறிகுறி. அழுது ஓய்ந்த சிசுவுக்குக் குடிக்க வலு இராது. மார்பில் வைக்கும் நாட்களில் முதற்பால் வேகமாகப் பாய்ந்து திணறவைத்தால், சிறிது பீய்ச்சி எடுத்துவிட்டுப் பின் வைக்கலாம். தலையைப் பின்னாலிருந்து அழுத்தாமல், கழுத்தையும் தோளையும் தாங்கிப் பிடித்தல் நலம். முதலில் நாளுக்கு ஒன்றிரண்டு வேளை மார்பு, ஏனையவை பாலாடை. பின் மெதுவாக மார்பின் வேளை பெருகும். நேற்று நன்றாகக் குடித்த சிசு இன்று தூங்கியே கிடந்தால் மனம் தளரவேண்டாம். அது களைப்பாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியவே அங்கே மருத்துவர் இருக்கிறார்.

இனி, எப்பொழுது வீட்டுக்கு? குழாயை எடுத்த அன்றே அழைத்துச் சென்ற ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். கைத்தறிக்காரர், தறியில் பாதிச் சேலை, பண்டிகைக் கூலி கையெட்டும் தூரத்தில். மருத்துவர் வேண்டாமென்று சொல்லியும் கையெழுத்திட்டு வாங்கிச் சென்றார். வீட்டில் சிசு மூன்று மிடறு குடித்துவிட்டுத் தூங்கிற்று; சமர்த்துக் குழந்தை, அழுவதே இல்லை என்று உறவினர் மெச்சினர். மூன்றாம் நாள் கைகால் சில்லிட்டு, எழுப்பினாலும் எழாத நிலையில் 108 வண்டியில் திரும்பக் கொண்டுவந்தனர். சிசு பிழைத்தது. ஆனால் முதலில் ஆறேழு நாளில் முடிந்திருக்கக்கூடியது பின்னர் இருபது நாளாயிற்று. அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. குழாய் எடுத்தாயிற்று என்பதையே பழகிவிட்டது என்று அவர் கொண்டார். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்லா வேளையும் வாய்மூலமே குடிக்கவேண்டும். தொடர்ந்து மூன்று நாளேனும் எடை கூடவேண்டும். பெட்டியின் துணையின்றிச் சூடு நிலைக்கவேண்டும். மூச்சு இடையில் நிற்காதிருக்கவேண்டும். தாய் தன்னந்தனியாக ஊட்டும் துணிவு பெறவேண்டும். பிறந்தவுடன் எடை சிறிது குறைவதும், இரண்டு வாரத்தை ஒட்டிப் பிறந்த எடையை மீண்டும் எட்டுவதும் இயல்பே. தினந்தோறும் எடை எழுதும் அட்டையைத் தகப்பனாரும் கேட்டுப் பார்க்கட்டும். பாஸ் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவ்வட்டையும் விளங்கும்.

அரசு மருத்துவமனையில் சிசுவின் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமும் இதை உறுதிசெய்கிறது. ஆகவே பெற்றோரை விரட்டுவது கூலி இழப்பே. இங்கே சங்கங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. குழந்தை ஆஸ்பத்திரியில் உள்ள அங்கத்தினரிடம் பாவுக்கான துணியைக் கேட்டு ஆளனுப்பவேண்டாம். அவர் சம்மதித்தால் அண்டைத் தறிக்காரர் ஒருவர் நெய்து முடித்துக் கூலியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். விதிகளின்படி முன்பணம் தர இடமிருந்தால், அவர் கேட்பதற்கு முன்பே செயலாளர் நினைவூட்டலாம். நிர்வாகக் குழுவின் தீர்மானம் புத்தகத்தில் முறையாக இருக்குமாயின், பார்வையிட வருபவர் தாமதத்தைக் குறையாக எழுதவேண்டிய அவசியம் இராது. இதை நாம் பொறுப்புடனேயே கூறுகிறோம்.

வீடு திரும்பிய பின் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, தூங்கினாலும் எழுப்பி ஊட்டவேண்டும். சேனை வைத்தல், தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் கூடாது. மருத்துவர் எழுதித் தந்த இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை விடாமல் தரவேண்டும். குடிப்பது திடீரெனக் குறைந்தாலும், உடல் சில்லிட்டாலும், மார்பு உள்ளிழுத்து மூச்சு வாங்கினாலும் அன்றைக்கே திரும்பச் செல்லவேண்டும். மற்றொன்று பலர் மறப்பது: 34 வாரத்திற்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிசுவுக்கு, பிறந்து நான்கு வாரத்திற்குள் கண் பரிசோதனை நடக்கவேண்டும், மிகவும் முன்னதாகப் பிறந்ததாயின் இரண்டு மூன்று வாரத்திலேயே நடக்கவேண்டும். விழித்திரையில் ஏற்படும் கோளாற்றை உரிய காலத்தில் கண்டால் பார்வையைக் காக்கலாம். நாள் தவறினால் இயலாது. வெளியேற்றச் சீட்டில் அத்தேதி குறித்திருக்கிறதா என்று, ஆஸ்பத்திரி வாயிலைத் தாண்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் உள்ளே திரும்பிச் சென்று எழுதி வாங்குங்கள்.