இழுவையா, சிக்கனமா?

பெரிய எஞ்சின்தான் அதிகம் இழுக்கும் என்பது லாரிகளில் நாம் பழகிய கணக்கு. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 2021இல் வெளியிட்ட புதிய லேண்ட் குரூசர் சொகுசு ஜீப்பில் அந்தக் கணக்கு மாறியிருக்கிறது. பழைய 4.5 லிட்டர், 8 சிலிண்டர் டீசல் எஞ்சின் போய் 3.3 லிட்டர், 6 சிலிண்டர் வந்தது. இழுவிசையோ 650இலிருந்து 700 நியூட்டன் மீட்டராகக் கூடிவிட்டது! 6 கியருக்குப் பதில் 10 கியர். எடையிலும் சுமார் 200 கிலோ குறைவு.

சரி, டீசல்? ஆஸ்திரேலியக் கணக்குப்படி 100 கிலோமீட்டருக்கு 9.5 லிட்டர் குடித்தது 8.9 ஆயிற்று. வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 90 லிட்டர். 2023இல் இந்தியாவில் இதன் விலை 2 கோடி ரூபாய்க்கு மேல். எடை குறைந்தும் வண்டி சுமார் இரண்டரை டன். ஒருவர் மண்டிக்குப் போய்வர 25 கிலோ அரிசிச் சிப்பம் நூறின் பாரம் கூடவே போகிறது. மணலிலும் மலையிலும் ஓட்டுவோருக்கு இந்த இழுவை வேண்டியதுதான். கடைவீதிக்கு வாங்கும் அன்பர்கள் மைலேஜைக் காரணம் காட்ட வேண்டாம்.